மென்பொருள் வாங்கிய சிறுதொழில் முதலாளிகளுக்கு

அன்புள்ள முதலாளிகளுக்கு,

வணக்கம். பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருக்கிறீர்கள். 'செலவு செய்ததுதான் மிச்சம்' என்று உங்களில் பலர் நொந்துபோயும் இருக்கிறீர்கள். சிறு நிறுவனங்களில் இந்த மென்பொருள்களை நிறுவிக் கொடுப்பது என் தொழில். நான் பார்த்தவரை, மென்பொருளால் கெட்ட முயற்சிகளைவிட முதலாளி நடத்தும் விதத்தால் கெட்டவையே அதிகம். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பணம் வீணாகக் கூடாது என்ற அக்கறையில்தான் எழுதுகிறேன்.

திரையில் ஒரு பொருள் 12 காட்டுகிறது, அலமாரியில் 9தான் இருக்கிறது என்று வையுங்கள். குடோன் பார்ப்பவருக்குக் காரணம் தெரியும். சேதமாகித் திரும்பி வந்த 3 உருப்படிகளும் நல்ல சரக்கோடு சேர்ந்து பதிவாகிவிட்டன. சேதச் சரக்கைத் தனியாகப் பதிய வழியே வைக்கவில்லை. இதை உங்களிடம் சொல்வாரா? போன முறை கணக்கு உதைத்தபோது 'யார் பண்ணின தப்பு இது?' என்று நீங்கள் கத்தியிருந்தால் வாயே திறக்க மாட்டார். 12ஐ 9 ஆக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அடுத்த மாதமும் அதே ஓட்டை.

ஆமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

இன்னொன்று. நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்த ஆலைகள் பல, ஒரே எஞ்சினிலிருந்து எல்லா இயந்திரங்களையும் சுழற்றிய பழைய நீளத் தண்டையும் பெல்ட்டுகளையும் அப்படியே விட்டுவைத்தன. பெரிய பலன் இல்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கொடுத்து, வேலை நகரும் வரிசைப்படி இடம் மாற்றிய பிறகுதான், அமெரிக்காவில் 1920களில், உற்பத்தி எகிறியது. பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990இல் இதைக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டு எழுதினார். உங்களிடமும் அதேதான் நடக்கிறது. சின்னத் தள்ளுபடிக்குக்கூட உங்கள் ஓடிபி வேண்டும். நீங்கள் போனை எடுக்காவிட்டால் வாடிக்கையாளர் நின்றுகொண்டே இருக்கிறார். கூடவே பழைய நோட்டிலும் எழுதச் சொல்கிறீர்கள், அதற்கு முடிவு தேதியும் கிடையாது.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பேக்கப் எடுப்பது, பணத்தை யார் தொடலாம் என்பது, இதிலெல்லாம் கறாராகவே இருங்கள். ஆனால் தள்ளுபடிக்கு ஒரு வரம்பு வைத்து பில் போடுபவரிடமே விடலாம். மாதக் கணக்கு ஒருமுறை சரியாக ஒத்துவந்ததும் நோட்டை மூடிவிடலாம்.

அப்புறம், இந்த வாரமே குடோன் பார்ப்பவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். எங்கே தடுமாறுகிறார், எதையெல்லாம் துண்டுச்சீட்டில் தனியாகக் குறித்துவைக்கிறார் என்று பாருங்கள். அந்தச் சீட்டை எங்களைப் போன்றவர்களிடம் கொடுங்கள். மென்பொருளில் அதற்கு இடம் செய்துதருவது எங்கள் வேலை.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளை நிறுவித் தருபவர்களில் ஒருவன்