மூன்றாவது சுற்றுக்கு என்னை அனுப்பாத மாஸ்டருக்கு

அன்புள்ள மாஸ்டருக்கு,

கூண்டுக்குள் மோதும் எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) போட்டிகளிலிருந்து ஓய்வு பெறும் கடிதத்தில் நேற்றுக் காலை கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடும்படி அதிலேயே கேட்டிருக்கிறேன். ஆகவே நாளை மறுநாள் என் மனம் மாறினாலும் யாரும் உடனே எனக்கொரு போட்டியை ஏற்பாடு செய்துவிட முடியாது. இதை உங்களிடம் நேரில் சொல்லாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்திருந்தால், கையில் மாட்டிய பயிற்சிப் பட்டையைக்கூடக் கழற்றாமல் "சரி" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பீர்கள். அந்தச் "சரி"யை எவ்வளவு காலமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தீர்கள் என்பது உங்கள் குரலிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

பொதுவில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் என் மூலையில் பயிற்சியாளராக நின்று போட்டியை நிறுத்திய அந்த இரவுக்குப் பிறகு, "மூலையில் நின்றவர் பயந்துவிட்டார், இல்லையென்றால் கைக்கு வந்திருக்க வேண்டிய வெற்றி" என்று பலர் பேசினார்கள். அவர்களில் நம் பயிற்சிக்கூடத்தில் வியர்வை சிந்தியவர்களும் இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் இதையும் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக வருந்துகிறேன். ஆனால் அவர்கள் சொன்னதையே நானும் அன்று நம்பினேன், மாஸ்டர். நம்பாத ஒன்றை உங்கள் முகத்துக்காகச் சொல்லியிருந்தால், அதை முதலில் வெறுத்திருக்கக்கூடியவர் நீங்கள்தான்.

இத்தனை ஆண்டுப் போட்டிகளில், வெற்றிகளை நினைத்துப் பார்க்க வேண்டுமென்றால் நானாகத்தான் முயன்று நினைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் இடையில் கிடைத்த அந்த ஒரு நிமிடம் மட்டும் அழைக்காமலே வந்து நிற்கிறது. முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். காயம் பார்ப்பவர் குளிர்ந்த இரும்புக் கட்டியை என் இடக்கண்ணுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறார். பிடரியில் பனிக்கட்டிப் பை. நீங்கள் எனக்கு எதிரே ஒரு முழங்காலை ஊன்றியபடி, என் மூச்சு சற்று அடங்கும் வரை காத்திருந்துவிட்டுப் பேசத் தொடங்குகிறீர்கள். பேசியது என்ன என்பதை ஒளிப்பதிவைப் பார்த்துத்தான் பிறகு அறிந்தேன். கூண்டின் சுவருக்கு முதுகைக் கொடுக்காதே, அவன் வலது குத்தை விட்டதும் கீழே இறங்கிக் காலைப் பிடி என்று மிகத் தெளிவாகச் சொல்கிறீர்கள். அன்று எனக்குக் கேட்டது உங்கள் குரல் மட்டுமே. அந்தக் குரலே போதுமானதாக இருந்தது. அது கேட்கும் இடத்தில் எனக்குத் தீங்கு எதுவும் வராது என்ற எண்ணம் எனக்கு எப்போதுமே உண்டு.

"இப்போது நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டீர்கள்.

"இடக்கையன், இடது குத்துக்கு முன்னால் தோளை இறக்குகிறான், பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

அது அதற்கு முந்தைய போட்டியில் என்னோடு மோதியவரைப் பற்றிய குறிப்பு. அன்றைய எதிராளி வலக்கையர். ஒளிப்பதிவில் என் முகத்தில் குழப்பத்தின் சாயலே இல்லை. மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளையைப் போல அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன். நீங்கள் பதறவில்லை. கேள்வியை மறுபடி கேட்கவும் இல்லை. தண்ணீர் விட்டுக் கழுவிய வாய்க்காப்பு உங்கள் கையில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். நீங்கள் அதை உங்கள் மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எழுந்து, நடுவரைப் பார்த்துத் தலையை அசைத்தீர்கள். நடுவர் இரு கைகளையும் வீசி ஆட்டத்தை முடித்த பிறகும் நான் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு மதிப்பெண் அட்டைகளைப் பார்த்தோம். மதிப்பெண் இடும் நடுவர்கள் மூன்று பேருமே முதல் சுற்றை எனக்கும் இரண்டாவதை எதிராளிக்கும் கொடுத்து, 19-19 என்று வைத்திருந்தார்கள். எஞ்சியிருந்தது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள் என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளாத நாள் இல்லை; இதை எழுதும்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் செய்தது சரி என்று வாதாட என்னால் முடியும். 2009-இல் செயின்ட் பியருடன் மோதிய பி.ஜே. பென்னை நான்காம் சுற்றுக்குப் பிறகு அவருடைய மூலையில் நின்றவர்களே நிறுத்தினார்கள். அதனால் பென்னின் பெயர் சிறுத்துவிடவில்லை. 2020 மே மாதம் அந்தோணி ஸ்மித், விழுந்த தன் பல்லை நடுவரிடம் எடுத்துக் கொடுத்தார், பற்கள் உதிர்வதாகத் தன் மூலையில் சொன்னார், அதன் பிறகும் ஐந்தாம் சுற்றுக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் மேக்ஸ் ரோஸ்காப், தன்னால் முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியும், அவருடைய மூலை அவரை மேலே அனுப்பவே முயன்றது. ஸ்மித்தின் போட்டியை நாம் சேர்ந்து பார்த்தோம். நான் அவருடைய துணிச்சலை வியந்து பேசிக்கொண்டிருந்தபோது, நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது எளிது. வெளியே போனவர் என்னையும் அழைத்துப் போய் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் மனத்தில் நிற்கிறது.

என் உண்மையான மனக்குறை அந்த இரவைப் பற்றியதே அல்ல, மாஸ்டர். அதற்கு முந்தைய பயிற்சிக் காலத்தைப் பற்றியது. அந்த மாதங்களில் ஸ்பாரிங்கில், அதாவது கூடத்துப் பயிற்சி மோதல்களில், நான் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை நீங்கள் பார்த்தீர்கள். என் தலையை யாராலும் தொட முடியவில்லை. வழக்கமாக என்னைத் திணறடிக்கிறவர்கள் பின்வாங்கினார்கள். இந்த வயதில் என் வேகம் கூடியிருக்கிறது, அனுபவம் என்பது இதுதான் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். தோல்விக்கு வெகு நாட்களுக்குப் பிறகுதான், என்னோடு பயிற்சி செய்த ஒருவர், சொல்லக் கூடாததைச் சொல்கிறோமே என்ற தயக்கத்தோடு சொன்னார்: என் தலையில் யாரும் குத்தக் கூடாது என்று நீங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துச் சொல்லியிருந்தீர்கள். கனமாக அடிப்பவர்களை வேறு நேரத்துக்கு மாற்றியதும் அதற்காகத்தான். சிறிய அடிக்கே என் கால்கள் தள்ளாடுவதை எனக்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். கூடத்தில் இருந்த அனைவருக்கும் தெரிந்த ஒன்று, யாருடைய தலையோ அந்த ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் செய்தீர்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் காப்பாற்றலோடு சேர்த்து, நான் மேலும் வலுவாகிவிட்டேன் என்ற பொய்யையும் என் கையில் கொடுத்து, அதை நம்பிக் கூண்டுக்குள் ஏற விட்டீர்கள்.

உங்களுக்குச் சொல்லத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற இருபத்தொரு வயது வீரர் போட்டிக்காக எடையைக் குறைக்கும்போது இறந்ததும், அந்தப் போட்டிகளை நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் உடலின் நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, நீர்ச்சத்துச் சோதனையைக் கொண்டுவந்தது. அந்தச் செய்தி வந்த அன்று என்னை எதிரே உட்காரவைத்து, இனி 70.3 கிலோப் பிரிவு உனக்கு இல்லை, 77.1 கிலோவுக்குப் போகிறாய் என்று சொன்னீர்கள். நான் கத்தினேன். உயரமானவர்களிடம் அடி வாங்க அனுப்புகிறீர்களா என்று மரியாதை மறந்து கேட்டேன். நீங்கள் அசையவில்லை. அதற்கு முந்தைய போட்டிகளுக்கு முன்னிரவுகளில், நான் வெந்நீர்த் தொட்டிக்குள் கிடந்து எடையை இறக்கும்போது, நான் கண்மூடிவிடக் கூடாது என்பதற்காக விடிய விடிய ஏதேதோ கதை சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த நேரத்தில், நானும் குடிக்கவில்லை பார் என்று காட்டத் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே கையில் வைத்திருந்தவர். அப்படிப்பட்டவர் சொன்னதால்தான் கேட்டேன். எடையைப் பற்றி முகத்துக்கு நேரே சொல்ல முடிந்த உங்களுக்குத் தலையைப் பற்றிச் சொல்ல முடியவில்லை.

பணத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். ஒப்பந்தம், பங்கு, கடைசிப் போட்டிக்கு யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதையெல்லாம் எழுதினால் படிப்பவர்கள் ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள். நீங்கள் பணத்துக்காக என்னை உள்ளே அனுப்பவில்லை என்பதை மட்டும் என் பெயரில் பதிவு செய்கிறேன். அந்தப் போட்டியை நடத்தியவர்களைப் பற்றியும் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. எதிராளி விதிப்படி மோதினார், பிறகு ஓய்வறைக்கு வந்து நலம் விசாரித்தார்.

மருத்துவ அறிக்கையை உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். அதில் உள்ளதை இங்கே சொல்லப் போவதில்லை. லாஸ் வேகஸில் கிளீவ்லேண்ட் கிளினிக் 2011-இல் தொடங்கிய ஆய்வைப் பற்றி மருத்துவர் எனக்கு விளக்கினார். குத்துச்சண்டை வீரர்களையும் நம்மைப் போன்றவர்களையும் ஆண்டுதோறும் அழைத்து, மூளையைப் படமெடுத்து, நினைவாற்றலையும் எதிர்வினை வேகத்தையும் அளக்கும் ஆய்வு அது. அதிகக் காலம் மோதியவர்களின் மூளையில் சில பகுதிகள் சுருங்கியிருந்ததை அது காட்டியது. நிறுத்திக்கொண்டவர்களிடம் சில அளவுகள் நிலைபெற்றதையும், சில சற்றே மேம்பட்டதையும் பின்னர் கண்டறிந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்னும் மூளை நோயையோ, இறந்த பின் மூளையை ஆராய்ந்துதான் உறுதி செய்ய முடியும். ஆகவே எனக்கு என்ன என்று எனக்கு யாரும் உறுதியாகச் சொல்லப் போவதில்லை. நிறுத்தினால் நல்லது என்பது மட்டும் இப்போதைக்குத் தெரிந்தது, அதனால் நிறுத்தினேன். இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது என்று வீட்டில் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை.

எல்லோரையும் போல நானும் ஒரு நல்ல விடைபெறுதலைக் கனவு கண்டேன். சாம்பியன் கபீப் 2020 அக்டோபரில் தோல்வியே அறியாத 29 வெற்றிகளோடு கையுறைகளைக் கழற்றிக் கூண்டின் நடுவில் வைத்தபோது, நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். முன்னாள் சாம்பியன் சக் லிடெல் ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் கழித்து, 48 வயதில் திரும்பி வந்து, முதல் சுற்றிலேயே விழுந்ததைப் பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். நான் லிடெலாகிவிடக் கூடாது என்று அஞ்சினீர்கள் என்று நினைக்கிறேன். அந்த அச்சத்தில் அன்பு இருந்தது. என்னைப் பற்றிய தாழ்வான எண்ணமும் இருந்தது: உண்மையைச் சொன்னால் இவன் உடைந்துவிடுவான் என்று நினைத்தீர்கள். முகத்தில் விழும் குத்துக்கு என்னைப் பழக்கியவர் ஒரு வாக்கியத்துக்கு என்னை நம்பவில்லை.

கூடத்துக்கு வந்து இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி நீங்கள் சொல்லியனுப்பியது கிடைத்தது. இப்போதைக்கு வர மாட்டேன். இதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. டேப் கிழியும் ஓசையைக் கேட்டாலே என் கைகள் தாமாக உங்கள் முன் நீள்கின்றன. விரல்களுக்கிடையே நீங்கள் துணியைச் சுற்றும்போது, கட்டைவிரலருகே மட்டும் ஒருமுறை நிறுத்தி, இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்பீர்களே, அந்தக் கேள்வி இனி எனக்கில்லை என்று பழகும் வரை வர மாட்டேன்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். அடுத்து போட்டிக்குப் போகவிருக்கும் அந்தப் பையனைப் பற்றியது. போன வாரம் என் பொருட்களை எடுக்க வந்தபோது, வாசலில் நின்று அவனுடைய ஸ்பாரிங்கைச் சிறிது நேரம் பார்த்தேன். எதிரே நின்றவர் அவனுடைய விலாவையும் தொடையையும் மட்டுமே அடித்தார். தலை திறந்து கிடந்தபோதும் அவர் கை நடுவழியில் நின்றது. பையன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் யார் என்பது உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவனும் இதைப் படிக்கக்கூடும். தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவனுக்குத் தோன்றாது. என் இடத்தில் வேறொருவர் இப்படி எழுதியிருந்தால் எனக்கும் தோன்றியிருக்காது.

அவனை அழைத்து உட்காரவைத்துச் சொல்லுங்கள், மாஸ்டர். கத்துவான். வேறு கூடத்துக்குப் போனாலும் போவான். நான் போய்ச் சொன்னால், தன் ஆட்டம் முடிந்தவர் அடுத்தவன் ஆட்டத்தையும் முடிக்கப் பார்க்கிறார் என்பான். உங்கள் வாயிலிருந்து வந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்பான். அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்குள் நீங்கள் சொல்லவில்லையென்றால், அவன் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று நானே சொல்லிவிடுவேன்.

என்றும் உங்கள் மாணவன்