அப்பா கேட்ட அடுப்பு

மெய்ன் மாநிலம், அமெரிக்கா
ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். "ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ளே நெருப்பை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டீர்களே, அதைப் போனில் விளக்கி முடிக்க முடியாது. அதனால்தான் வீட்டைச் சூடாக்கும் எங்கள் பெல்லட் அடுப்பைப் பற்றி எழுதுகிறேன்.

நம் ஊர் மரத்தூள் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தூளைக் கெட்டித்து, நடுக்கட்டையை உருவி, கீழ்த் துளையில் தீ வைப்போம் அல்லவா? இங்கே அதே தூளைக் காயவைத்து, இயந்திரத்தில் அழுத்தி, பென்சில் கனத்தில் விரற்கடை நீளத் துண்டுகளாக்கி விற்கிறார்கள். அதுதான் பெல்லட். பசை சேர்ப்பதில்லை, அழுத்தும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பிணைப்புப் பொருள் இளகி, தானே பிடித்துக்கொள்கிறது. ஈரம் பட்டால் உப்பித் தூளாகிவிடும். ஆகவே மூட்டைகளைச் சிமென்ட் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல்தான் அடுக்க வேண்டும். ஒரு மூட்டை 40 பவுண்டு, நம் கணக்கில் 18 கிலோ. 50 மூட்டை இந்த ஊர்க் கணக்கில் ஒரு டன். கடுங்குளிரில் ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு மூட்டை போகும். நடுத்தர வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு மூன்று, நான்கு டன் வேண்டும்.

அடுப்பின் பின்பக்கத் தொட்டியில் மூட்டையைக் கொட்டிவிட்டால், ஒரு திருகு மெல்லச் சுற்றிச் சில துண்டுகளாக எரிகிண்ணத்தில் தள்ளும். கிண்ணத்தின் அடியிலுள்ள துளைகள் வழியே காற்று ஏறும். புகையை ஒரு விசிறி இழுத்துக் குழாய் வழியே வெளியே தள்ளும். அறைக் காற்றைச் சூடாக்கி அனுப்புவது வேறொரு விசிறி. இரண்டு காற்றும் எங்கேயும் கலப்பதில்லை. கதவு சரியாக மூடாவிட்டாலோ குழாய் அடைத்தாலோ உள்ளே இழுவை குறையும். ஒரு சுவிட்ச் அதை உணர்ந்து திருகை நிறுத்திவிடும். இதற்கும் மேலே, படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் சமரசமே கிடையாது.

ஆனால் அப்பா, இந்த அடுப்பில் பழுது என்று சொல்வதில் பெரும்பகுதி சாம்பல்தான். மோட்டார் போய்விட்டது, தீ மூட்டும் இக்னைட்டர் போய்விட்டது என்று பாகம் வாங்க ஓடுவதற்கு முன் துடைப்பத்தை எடுக்க வேண்டும். கிண்ணத்தின் துளைகள் அடைத்தால் காற்று குறையும், பெல்லட் பாதி வெந்தும் வேகாமலும் குவியும், தீ மூட்டும்போது அறைக்குப் புகை வாசனை வரும். தீயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெளிர் மஞ்சளாகத் துடிப்போடு எரிந்தால் காற்று போதுமானது. உயரமாக, சோம்பலாக, நுனி கறுத்த செம்மஞ்சள் தீ ஆடினால் எங்கோ அடைப்பு.

நாள்தோறும் அடுப்பை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, கிண்ணத்தைச் சுரண்டி ஒவ்வொரு துளையையும் கம்பியால் குத்திவிட வேண்டும். கதவுக் கண்ணாடிக்கு ஈரத்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தாலே போதும். வாரம் ஒருமுறை சாம்பல் தட்டைக் கொட்டி, உள்தகட்டைக் கழற்றி அதன் பின்னால் ஒளிந்திருக்கும் சாம்பலையும் எடுக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் அதுதான். சாதாரண வாக்குவம் கூடாது. நுண்சாம்பல் வடிகட்டியைத் தாண்டி வீடெங்கும் பரவும், ஒரு கங்கு இருந்தால் தீயே பிடிக்கும். சாம்பலுக்கென்றே தனி வாக்குவம் உண்டு. டன்னுக்கு ஒருமுறை புகைக்குழாய்க்குப் பிரஷ் போட்டு, புகை விசிறியின் இதழ்களையும் துடைக்க வேண்டும். அதே கையோடு தொட்டியின் அடியில் தங்கும் தூளையும் அள்ளிவிட வேண்டும். திருகு சிக்குவது பெரும்பாலும் அந்தத் தூளால்தான். கதவிடுக்கை அடைக்கும் கயிறான கேஸ்கெட்டைச் சோதிக்க, ஒரு ரூபாய்த் தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

மின்சாரம் போனால் எல்லாம் நின்றுவிடும், கிண்ணத்தில் மிச்சமிருப்பதன் புகை அறைக்குள் கசியும். அதனால் குழாயைச் சுவரிலிருந்து நேராக வெளியே விடாமல் சில அடி மேலே ஏற்றி விடுவது நல்லது. விசிறி நின்றாலும் சூடான புகை தானாக ஏறிப்போகும்.

அயோவா, மினசோட்டா மாநிலங்கள் பக்கம் சிலர் மக்காச்சோளத்தையே எரிக்கிறார்கள். அதற்கென்று செய்த அடுப்பு வேண்டும். மக்காச்சோளச் சாம்பல் சூட்டில் உருகிக் கல்லாக இறுகுவதால், கிண்ணத்துக்குள் கிளறிக்கொண்டே இருக்கும் தண்டு தேவை. மக்காச்சோளத்தின் ஈரப்பதம் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எலி வேறு வரும். மரம் மலிந்த மெய்னில் எனக்குப் பெல்லட்டே சரி என்று படுகிறது.

எடுத்த சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, மரத்தரையில் படாமல் வைக்க வேண்டும். உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். நன்றாக ஆறியபின் தோட்டத்தில் கொஞ்சமாகத் தூவலாம், சுண்ணாம்பு போல மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை எடுக்கும். இங்கு எங்கும் விளையும் ப்ளூபெர்ரிச் செடிக்கு மட்டும் போடக் கூடாது. அதற்கு அந்தப் புளிப்புதான் வேண்டும்.

அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்