அது எங்க லிமிட் இல்லை: எம்.எல்.ஏ. தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

எம்.எல்.ஏ. ஆன பிறகும் உங்களைத் தம்பி என்று கூப்பிடலாமா என்று வீட்டில் சின்னச் சண்டை. "மாண்புமிகு போடுங்கப்பா, நாலு பேர் படிக்கிறது" என்றாள் மகள். நாங்கள் தார் காய்ச்சிக்கொண்டிருந்த இடத்தில் பள்ளிக்கூடப் பையோடு நின்று வேடிக்கை பார்த்து, வெள்ளைச் சட்டையில் தாரை அப்பிக்கொண்டு அழுத பையன் நீங்கள். உங்கள் அம்மா பார்ப்பதற்கு முன்னால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டவன் நான். துடைத்தும் போகவில்லை, அடி விழுந்தது. அதனால் தம்பிதான். 'நீங்கள்' என்று எழுதுவது பதவிக்கான மரியாதை.

ஊர்ப் பெயரையும் உங்கள் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. படிக்கிறவர்கள் அவரவர் தொகுதி என்று நினைத்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

சட்டமன்றத்தில் நெடுஞ்சாலைத் துறைக்குப் பணம் ஒதுக்குகிற மானியக் கோரிக்கை விவாதத்தில் நீங்கள் பேசியதைப் பேரன் செல்லில் போட்டுக் காட்டினான். பத்து நிமிடம். நன்றி சொல்லி முடிக்கவே நாலு நிமிடம் போய்விட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, கட்சியில் இருக்கிறவருக்கு அதெல்லாம் உண்டு. மீதி ஆறு நிமிடத்தில் புறவழிச்சாலை கேட்டீர்கள், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரவுண்டானா கேட்டீர்கள், நேரம் முடிந்து மணி அடித்த பிறகு "எங்கள் பகுதிக்குக் கூடுதலாக ஒரு 108 வாகனம்" என்று கேட்டு உட்கார்ந்தீர்கள். மேசையைத் தட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கடைசிக் கோரிக்கையைக் கேட்டதும் ஓடைத் தரைப்பாலம்தான் கண் முன்னால் வந்து நின்றது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2025 ஐப்பசியில் நடந்தது உங்களுக்குச் செய்தியாக வந்திருக்கும். நான் அங்கே நின்றவன். ராத்திரி பதினொன்றரை இருக்கும், நல்ல மழை பெய்து விட்டிருந்தது. டவுனில் வேலை முடிந்து பைக்கில் வந்த மேலத்தெருப் பையன் தரைப்பாலத்து முனையில் சரிந்து ஓடைக்குள் போய்விட்டான். காவல் கல் இரண்டு அங்கே இருந்தது, எப்போதோ விழுந்து மண்ணுக்குள் போனது. பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் தார் விளிம்பைத் தண்ணீர் தின்று, அரை அடி ஆழத்துக்குப் பல் பல்லாக நிற்கும். பகலிலேயே பார்த்துத்தான் போக வேண்டும். தொடை எலும்பு முறிந்து கிடந்தவன், அம்மாவைக் கூப்பிடக் கூப்பிட, நாங்கள் டார்ச் அடித்துக்கொண்டு நின்றோம்.

108-ஐக் கூப்பிட்டால் சென்னையில் ஒரு பெண் எடுத்தாள். மாவட்டம், ஒன்றியம், பக்கத்தில் என்ன அடையாளம் என்று பதறாமல் கேட்டாள். வண்டி பதினைந்து பதினாறு நிமிடத்தில் முனியப்பன் கோயில் வரை வந்துவிட்டது. நம்ம பக்கத்துக்கு அது நல்ல வேகம். கோயிலிலிருந்து பாலம் முக்கால் கிலோமீட்டர். பைலட் இறங்கினார், 108 டிரைவரை அப்படித்தான் சொல்வார்கள். செல்போன் வெளிச்சத்தில் குனிந்து, ஒரு குழிக்குள் காலை விட்டு ஆழம் பார்த்தார். மண்வெட்டிக் காம்பை வாங்கி அடுத்ததற்குள் விட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அண்ணா, உள்ளே விட்டு வண்டி மாட்டிக்கிச்சுன்னா இந்தத் தம்பிக்கும் வண்டி இல்லை, அடுத்தவங்களுக்கும் இல்லை. தூக்கிடலாம்."

கூட வந்த மருத்துவ உதவியாளர் ஒரு சின்னப் பொண்ணு, இருபத்தைந்து வயசு இருக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் முன்னால் நடந்தாள். காலைக் கட்டை வைத்துக் கட்டினாள். ஸ்ட்ரெச்சரை நாலு பேர் பிடித்தோம். குழியில் ஒருத்தர் கால் இறங்கும்போதெல்லாம் பையன் கத்தினான். கோயில் வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. பதினெட்டு கிலோமீட்டர் வந்த நேரத்தைவிட அந்த முக்கால் கிலோமீட்டருக்குத்தான் அதிக நேரம்.

பையன் பிழைத்துக்கொண்டான். தொடைக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், கட்டையை ஊன்றி டீக்கடைக்கு வருகிறான். நான் கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு நீங்கள் கேட்ட இரண்டாவது வண்டியும் வந்திருந்தால் என்ன செய்திருக்கும்? முதல் வண்டிக்குப் பின்னால் நின்றிருக்கும்.

இனிமேல் சொல்வது என் பாவம். ஸ்ட்ரெச்சரைப் பிடித்து வரும்போது பின்னாலிருந்து ஒருத்தர், "ரோட்டு வேலை பார்த்தவர்தானே நீங்க, இத்தனை வருஷம் இந்த ரோட்டுலதானே போனீங்க" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. 1997-ல் பத்தாயிரம் பேர் அளவுக்குச் சாலைப் பணியாளர்களை எடுத்தார்களே, அதில் நானும் ஒருத்தன். 2002-ல் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பி, 2006-ல் திரும்ப எடுத்தார்கள். அந்த 41 மாதம் செங்கல் சூளையில் கிடந்தேன், அந்தக் கதை இப்போது வேண்டாம். வேலையில் இருந்த வருடமெல்லாம் தினமும் காலையில் சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தச் சாலை வழியாகத்தான் என் சாலைக்குப் போனேன். என்னுடையது மாவட்ட முக்கியச் சாலை, நெடுஞ்சாலைத் துறை. இது ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊரக வளர்ச்சித் துறை. ஓரத்தில் மண் மேடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டே போவேன். கேட்டால் ஒரே பதில், எங்கள் ஆபீசில் எல்லோரும் சொல்கிற பதில்: "அது எங்க லிமிட் இல்லை."

ஒரு சாலை எப்படிச் சாகிறது என்று மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். லாரி ஏறிச் சாவது குறைவு, தண்ணீர் நின்றுதான் சாகும். சாலையின் நடு மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் இருக்க வேண்டும். பெய்கிற மழை இரண்டு பக்கமும் வழிந்து வாய்க்காலுக்குப் போக வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஓரத்தில் புல் முளைக்கும், புல் மண்ணைப் பிடிக்கும், இரண்டு மூன்று மழையில் ஓரம் தாரைவிட உயர்ந்துவிடும். அப்புறம் தண்ணீர் போக வழியில்லாமல் தாரின் மேலேயே நிற்கும். தாருக்கும் தண்ணீருக்கும் ஆகாது. கீறல் வழியே இறங்கி, ஜல்லியைப் பிடித்திருக்கிற பிடியை விடுவித்துவிடும். ஒரு ஜல்லி கிளம்பிவிட்டால் பக்கத்து ஜல்லிக்குத் துணை போய்விடும். இதற்கு மருந்து ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, வருடத்தில் இரண்டு தடவை ஓரத்தை வெட்டிவிடுவது, மதகுக் கண்ணை அடைக்காமல் பார்ப்பது. குழி விழுந்தாலும் விழுந்த வாரத்தில் சதுரமாக வெட்டி, சுத்தமாகக் கூட்டி, தார் தெளித்து, கலவை போட்டுக் கெட்டித்தால் முடிந்தது. நம்ம சாலையில் என்ன செய்தார்கள்? அமைச்சர் வருகிறார் என்று ஒரு தடவை டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து கொட்டினார்கள். அடுத்த மழையில் அது சேறு.

இந்தச் சாலை பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் 2017-ல் போட்டது. முனியப்பன் கோயில் பக்கத்தில் போர்டு இன்னும் நிற்கிறது, அடுத்த தடவை காரை நிறுத்திப் படித்துப் பாருங்கள். சாலை நீளம், மதிப்பீடு எல்லாம் போட்டு, கீழே பராமரிப்பு முதல் வருடம் இவ்வளவு, இரண்டாம் வருடம் இவ்வளவு என்று ஐந்து வருடத்துக்கு எழுதியிருக்கும். போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து வருடம் பார்க்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் நிபந்தனை, நல்ல நிபந்தனை. ஆறாம் வருடத்துக்கு அந்தப் போர்டில் வரியே கிடையாது. அதன் பிறகு சாலை மாநிலத்தின் தலையில், அதாவது ஊராட்சி ஒன்றியத்தின் தலையில். ஒன்றியத்தில் போய்க் கேட்டால் நிதி வரவில்லை என்பார்கள். ஊராட்சித் தலைவரைக் கேட்கலாம் என்றால், 2025 ஜனவரி 5-ஓடு அவர்கள் பதவிக்காலம் முடிந்து, பையன் விழுந்த அன்றைக்குத் தனி அலுவலர்தான் இருந்தார். நான் மூன்று மனு கொடுத்தேன். மூன்றுக்கும் 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. உரிய நடவடிக்கை எந்த ஊரில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

இப்போது சட்டமன்றத்துக்கு வருவோம். நீங்கள் பேசியது கோரிக்கை எண் 21, நெடுஞ்சாலை. 108 வண்டி எண் 19, மக்கள் நல்வாழ்வு. பையன் விழுந்த சாலை எண் 42, ஊரக வளர்ச்சி. அதே ஓடையைத் தாண்டி மலைக்குப் போகிற பாதை எண் 54, வனம். நாலும் வேறு வேறு நாளில், வேறு வேறு அமைச்சர் பதில் சொல்கிற விவாதம். 19-ல் எத்தனை வண்டி என்று பேசுவார்கள், 21-ல் எத்தனை பாலம் என்று பேசுவார்கள். வண்டி வந்து நின்ற இடத்திலிருந்து ஆள் கிடந்த இடம் வரைக்குமான முக்கால் கிலோமீட்டர் எந்த நாளிலும் வராது. அங்கேயும் அதே பதில்தான் தம்பி, கொஞ்சம் நல்ல தமிழில்.

பணம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள், பணம் வேறு தலைப்பில் இருக்கிறது. ஆபீசில் பில் எழுதுகிற கிளார்க் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: நெடுஞ்சாலைக் கணக்கில் 5054 என்றால் மூலதனம், புதுச் சாலை, புதுப் பாலம். 3054 என்றால் பராமரிப்பு. 5054-க்கு அடிக்கல் உண்டு, ரிப்பன் உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. ஓரப் புல்லை வெட்டியதற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? 2023 ஜனவரியில் முதல்வர் 110 விதியின் கீழ் அறிவித்த கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், 10,000 கிலோமீட்டர், 4,000 கோடி. பெரிய தொகை, நல்ல திட்டம். பக்கத்து ஊருக்கு அதில் சாலை வந்தது, வழுவழுவென்று இருக்கிறது. ஆனால் 110 விதியில் அறிவித்தால் அதன் மேல் விவாதம் கிடையாது. புதுசாகப் போடுகிற இந்தச் சாலைக்கு ஆறாம் வருடம் யார் என்று அன்றைக்கு ஒரு உறுப்பினர் எழுந்து கேட்க வழியில்லை. மானியக் கோரிக்கையில் வழி இருக்கிறது, அதில்தான் நீங்கள் ரவுண்டானா கேட்டீர்கள்.

அல்லேரி மலை ஞாபகம் இருக்கிறதா? வேலூர் மாவட்டம், 2023 மே. பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, பெற்றவள் உடலைக் கையில் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். தமிழ்நாடே பார்த்தது. 108 நம் மாநிலத்துக்கு வந்து அப்போது பதினைந்து வருடம் ஆகப்போகிறது. வண்டி இருந்தது தம்பி, பாதைதான் இல்லை.

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை என்று 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கினார்களே, அது எத்தனையோ குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் சிகிச்சைக்கு ஆள் ஆஸ்பத்திரி வாசலுக்காவது போய்ச் சேர வேண்டும். 2023-ல் மட்டும் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 18,347 பேர். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையைத் தரமாகப் போடாமல், பராமரிக்காமல் விட்டு அதனால் ஒருவர் செத்தாலோ ஊனமானாலோ, பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் வரை அபராதம். ஹெல்மெட்டுக்கு வசூலிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், இந்த அபராதம் கட்டின ஒருத்தரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, உங்களை என்ன செய்யச் சொல்கிறேன்? அடுத்த கூட்டத்தொடரில் எண் 42 வரும் நாளுக்குப் பெயர் கொடுங்கள். நட்சத்திரக் குறி போட்ட கேள்வி, அதாவது அமைச்சர் சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, ஒன்று அனுப்புங்கள்: நம் தொகுதியில் ஐந்து வருடப் பராமரிப்பு முடிந்த கிராமச் சாலை எத்தனை, முடிந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவு செய்தார்கள்? மேசை தட்டுகிற கேள்வி இல்லை இது. ஆனால் அமைச்சருக்குப் பதில் எழுதித்தர அதிகாரிகள் சாலைகளைப் போய் எண்ண வேண்டியிருக்கும். எண்ணினாலே பாதி வேலை நடந்த மாதிரி. எதிர்க்கட்சிக்காரர்கள் மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொடுத்துவிட்டு அந்தச் சாக்கில் குறையைப் பேசுவார்கள். நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் ஒரு தரைப்பாலத்தைப் பற்றிப் பேச ஏதாவது ஒரு நூறு ரூபாய் கிடைக்காமலா போகும்.

அதோடு இன்னொரு வேலை, இதற்குச் சென்னை போக வேண்டாம். அந்தப் பைலட்டும் நானும் போன மாதம் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். இந்தச் சுற்று வட்டாரத்தில் எங்கெங்கே வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது, எங்கே இறங்கித் தூக்க வேண்டியிருக்கிறது, எந்த வளைவில் முள் மரம் கண்ணாடியில் அடிக்கிறது என்று. மொத்தம் பதினொரு இடம். எது யார் லிமிட் என்று நான் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். நெடுஞ்சாலை மூன்று, ஒன்றியம் ஆறு, வனத்துறை ஒன்று. இன்னொன்று யாருடையது என்று யாருக்குமே தெரியவில்லை. இந்த நோட்டை எடுத்துக்கொண்டு எல்லா ஆபீசரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். வருடம் மூன்று கோடி தொகுதி நிதி கையில் வைத்திருக்கிறவர் கூப்பிட்டால் வருவார்கள். ஹைமாஸ் விளக்குக்கு வந்தார்களே.

மழைக்கு முன்னால் தரைப்பாலத்து ஓரத்தை நானே வெட்டிவிட்டேன். ரிட்டயர் ஆனவனுக்கு லிமிட் ஏது. ஆனால் விளிம்பைக் கட்டக் கான்கிரீட் வேண்டும், காவல் கல் வேண்டும், அது என் மண்வெட்டிக்கு அடங்காது.

நோட்டு டீக்கடையில்தான் இருக்கிறது, கல்லாப் பெட்டிக்குப் பின்னால். ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே வாருங்கள். அதில் ஏழாவது இடம் உங்கள் மாமனார் வீட்டுக்குத் திரும்புகிற வளைவு. அதை மட்டும் முதலில் போட்டுவிடாதீர்கள் தம்பி, ஊர் பேசும்.

அன்புடன்,
தார் துடைத்துவிட்ட அண்ணன்