விரிசலுக்கு வாகை மரம் என்ன செய்யும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரும்பாவூர் மரச்சிற்பங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தோம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாட்டுக்கு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், ‘வாகை சீக்கிரம் வெடித்துவிடும், தேக்கில் கேட்டு வாங்குங்கள்’ என்ற யோசனையை ஏற்க முடியவில்லை. தேக்கு சுருங்குவது குறைவுதான். ஆனாலும் வளையங்களின் நடுவிலுள்ள மையம் உள்ளே இருக்கிற உருண்டைக் கட்டை எந்த மரமானாலும் வெடிக்கவே செய்யும்.

காயும்போது மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்துக்கும் பட்டைக்கும் இடையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருண்டையில் அந்த இழுப்புக்குப் போக்கிடம் இல்லாததால் பட்டையிலிருந்து உள்நோக்கிப் பிளக்கிறது. எனவே ஒன்றரை அடி விட்டமுள்ள கட்டையை மையத்தின் வழியே இரண்டாகப் பிளந்து, மையம் இருந்த பக்கத்தைச் சிலையின் முதுகாக வைத்துக் குடைந்துவிட வேண்டும். இரண்டு அங்குலக் கனம் மிஞ்சினால் போதும். அறுத்த அன்றே இரு முனைகளிலும் மெழுகோ கெட்டியான பெயின்டோ பூசாவிட்டால், ஈரம் முனை வழியாக வேகமாக வெளியேறி அங்கிருந்தே கீறல் ஓடும்.

அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காயவேண்டும் என்பது பலகைக்கான கணக்கு. ஆறு அங்குலக் கட்டைக்கு யார் அத்தனை காலம் காத்திருப்பார்கள்? ஈரத்திலேயே வாய்ச்சியால் (மரம் செதுக்கும் கைக்கோடரி போன்ற கருவி) முரட்டு உருவம் கொண்டுவரும் கரட்டு வேலையை முடித்து, எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக விட்டு, நிழலில் மரத்தூளுக்குள் சில மாதம் வைத்துவிட்டுப் பிறகு நுண்வேலைக்கு நகம்போல் வளைந்த நகஉளி எடுப்பதே நடைமுறை. (வாகைத் தூளுக்குத் தும்மல் நிற்காது; மூக்கை மூடிக்கொள்ளாமல் கிட்டே போகாதீர்கள்.) பட்டையை ஒட்டிய வெளிறிய வெள்ளைப் பகுதியைச் செதுக்கி எறியாவிட்டால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும்.

வந்த விரிசலை மரத்தூளும் ஃபெவிக்காலும் குழைத்து அடைக்கிறார்கள். மழைக்காலத்தில் மரம் உப்பி அதை நசுக்கும், கோடையில் பக்கத்திலேயே புது இடைவெளி திறக்கும். அதே மரத்தில் மெல்லிய சிம்பைச் சீவி, நார் ஒரே போக்கில் இருக்கும்படி நுழைத்து, ஒரு பக்கம் மட்டும் பசையிட வேண்டும். மறுபக்கம் அசைந்து கொடுக்கட்டும்.

கொடியும் இலையுமாகச் செதுக்கும் கொடிக்கருக்கு பற்றியும் ஒரு வார்த்தை. செடியில் பார்த்தபடியே இலை நுனியைத் தனியே நீட்டிவிடுவது இப்போதைய ஆசை. நுனி நாருக்குக் குறுக்கே ஓடினால் துணி பட்டாலே ஒடியும். பழைய தேர்ப் பலகைகளில் ஒவ்வொரு இலையும் தண்டையோ பக்கத்துச் சுருளையோ தொட்டுக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். அதில் அழகோடு பலமும் இருக்கிறது.

சிலை வாங்குபவர்கள் மரத்தின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தையும் பார்க்கலாம். வளையங்களின் நடுப்புள்ளி அங்கே முழுசாகத் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வேறு சிலை பாருங்கள்.

இப்படிக்கு,
மரச்சிற்பத் தச்சர்கள்,
பெரம்பலூர் மாவட்டம்