அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

ஆர்க்கிடெக்சர் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் நம் ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகாததற்கு நான்தான் காரணம் என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. உண்மைதான். ப்ரைஸ்சர்வீஸ் என்ற கிளாஸை டாரிஃப்சர்வீஸ் என்று பெயர் மாற்றினேன். வேறெதையும் தொடவில்லை. மாற்றச் சொன்னதும் உங்கள் பெயரிடல் விதிதான்.

நான்கு மணி நேரம் லாகைக் கிளறிய பிறகுதான் விளங்கியது. அந்த சர்வீஸுக்கு செட்டிங்ஸ்சர்வீஸ் வேண்டும்; செட்டிங்ஸுக்கு இது வேண்டும். இரண்டிலும் ஃபீல்டு இன்ஜெக்‌ஷன், அதாவது ஆப்ஜெக்ட் உருவான பிறகே அதற்கு வேண்டியதை ஸ்பிரிங் உள்ளே வைக்கும். எங்கள் பில்டில் ஸ்பிரிங் கிளாஸ்களைத் தேடும் ஸ்கேன் ஆங்கிலப் பெயர் வரிசையில் போகிறது. 'பி' (P) முன்னால் நின்றவரை, செட்டிங்ஸ் தன் மேப்பை நிரப்பி முடித்த பிறகே ப்ரைஸின் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் (தொடக்க வேலைகளைச் செய்யும் மெத்தட்) ஓடியது. 'டி' (T) ஆனதும் 'எஸ்' (S) முந்திக்கொண்டது. டாரிஃப் கைக்குக் கிடைத்தது அரைவேக்காட்டு செட்டிங்ஸ். அதன் மேப் இன்னும் நல் (null), அதாவது உருவாகவே இல்லை. நல்பாயின்டர் எக்ஸெப்ஷன். ஓர் எழுத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது நம் அப்ளிகேஷன்!

2021 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 இப்படிப்பட்ட சுழலை இயல்பாகவே தடுக்கிறது. எந்த பீன் (ஸ்பிரிங் உருவாக்கி நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) எதைச் சுற்றுகிறது என்று கட்டம் போட்டே காட்டும். நீங்கள் பொது கான்ஃபிகில் அலவ்-சர்குலர்-ரெஃபரன்சஸ் என்பதை ட்ரூ ஆக்கி அதன் வாயைக் கட்டிவிட்டீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"லேசி போட்டுக்கொள்ளுங்கள்", அதாவது தேவைப்படும்போது மட்டும் உருவாக்கச் சொல்லுங்கள் என்று உங்களிடமிருந்து பதில் வந்தது. போட்டால் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் சுழல் அங்கேயேதான் இருக்கும். போன தலைமுறை வைத்த கஷாயமும் ஸ்டார்ட்அப் கிளாஸில் இன்னும் கிடக்கிறது: ஸ்லீப் 5000 (ஐந்து விநாடி சும்மா காத்திரு), பக்கத்தில் "எடுக்காதே" என்று கமென்ட். யார் எழுதியது, எதற்காகக் காத்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. இனி கிளாஸுக்குப் பெயர் வைக்க நல்ல எழுத்தாகப் பார்த்துச் சொல்ல ஜோசியரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். அடுத்த ரிலீஸில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பொது லைப்ரரியில், வேண்டியதை ஆப்ஜெக்ட் உருவாகும்போதே கொடுத்துவிடும் கன்ஸ்ட்ரக்டர் இன்ஜெக்‌ஷனைக் கட்டாயமாக்குங்கள். இரண்டு சர்வீஸும் மாறி மாறிக் கேட்கும் பகுதியை மூன்றாவது கிளாஸாகப் பிரித்து, பிராஞ்சில் தயாராக வைத்திருக்கிறேன். தயவுசெய்து ரிவ்யூ செய்யுங்கள். அதற்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை.

இப்படிக்கு,
பெயர் மாற்றியவன்