வான்படை வீரர் அன்ட்ரூ மைனார்ஸ்கி நினைவு அறை: பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் சென்று உயிரிழந்த கனடிய வான்படை வீரர் அன்ட்ரூ மைனார்ஸ்கிக்கு நினைவு அறை அமைக்கும்படி பொதுக்கூட்டம் எம்மிடம் ஒப்படைத்த பணி நிறைவேறிவிட்டது. எமது மண்டபத்தில் வாசிகசாலையை ஒட்டிய சிறு அறையில் மைனார்ஸ்கியின் நினைவுக்கல்லும், சுவர்ப் படங்களும், அவர் சென்ற லங்காஸ்ரர் வகை விமானத்தின் வால் கூண்டை (வாலில் துப்பாக்கி வீரர் இருக்கும் இடத்தை) முழு அளவில் காட்டும் மர மாதிரியும் இப்போது உள்ளன. கணக்கறிக்கை தணிக்கையாளரின் ஒப்பத்துடன் தனியே வருகிறது. அதனால் இங்கே பணத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

எழுத வேண்டியது முதற்கூட்டத்தில் மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்ட கேள்வியைப் பற்றித்தான். "பொம்மர் (குண்டுவீச்சு விமானம்) சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடின சனம் நாங்கள். பொம்மரில் போனவனுக்கு நாங்கள் ஏன் கல் நட வேண்டும்?" என்று அவர் கேட்டார். அன்று ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. குழு அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்தது. அறை இன்றிருக்கும் விதத்துக்கு அதுவே காரணம்.

மைனார்ஸ்கி 1916 ஒக்ரோபர் 14 அன்று வின்னிபெக் நகரில், போலந்திலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். இவர் இளவயதில் இருக்கும்போதே தந்தை இறந்துபோக, தோல் வெட்டும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். 1941இல் கனடிய வான்படையில் சேர்ந்தார். 1944 யூன் 12 இரவு, பிரான்சின் கம்பிறே நகரத் தொடருந்துத் தளத்தைத் தாக்க, இங்கிலாந்தின் வடகிழக்கே இருந்த மிடில்ரன் சென் ஜோர்ஜ் தளத்திலிருந்து 419ஆவது படையணியின் விமானங்கள் கிளம்பின. நோர்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படை இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜேர்மானியத் துணைப்படைகள் அங்கே போய்ச் சேராமல் தடுப்பதே நோக்கம். மைனார்ஸ்கியின் விமானத்தில் ஏழு பேர். அவருடைய இடம் விமானத்தின் முதுகிலிருந்த சுடுகூண்டு. வால் கூண்டில் இருந்தவர் அவருடைய நெருங்கிய நண்பர் பற் புறோபி.

ஜேர்மானிய இரவுப் போர்விமானம் ஒன்று கீழிருந்து சுட்டது. இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் நின்றன. உடற்பகுதியில் தீ பிடித்தது. குதிக்கும்படி விமானி கட்டளையிட்டார். மைனார்ஸ்கி கதவடிக்கு வந்துவிட்டார். ஒரு அடி வைத்தால் வெளியே. அப்போதுதான் புறோபி வெளியேற முடியாமல் சிக்கியிருப்பதைக் கண்டார். கூண்டைச் சுழற்றும் எண்ணெய் அழுத்தம் அற்றுப்போயிருந்தது. கையால் சுழற்றும் பிடியும் உடைந்துவிட்டது. மைனார்ஸ்கி தீக்குள்ளால் தவழ்ந்து போனார். கோடரியால் அடித்துப் பார்த்தார், பிறகு வெறுங்கையால் இழுத்தார். இடுப்புக்குக் கீழே உடை எரிந்துகொண்டிருந்தது. இனிப் பயனில்லை, போய்விடு என்று புறோபி சைகை காட்டினார். மைனார்ஸ்கி நண்பனுக்கு முதுகு காட்டாமல், பின்பக்கமாகவே தீயைக் கடந்து கதவடிக்குத் திரும்பினார். எரியும் உடையுடன் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்து ஏதோ சொன்னார். உதட்டசைவு மட்டுமே தெரிந்தது. இருவரும் இரவில் பிரியும்போது வழக்கமாகச் சொல்லும் "குட் நைட், சேர்" என்பதுதான் அது என்று புறோபி பின்னர் சொன்னார்.

பரசூட்டும் எரிந்தபடி மைனார்ஸ்கி தரையிறங்கினார். பிரெஞ்சு மக்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். தீக்காயங்களால் இறந்தார், வயது 27. விமானம் வீழ்ந்து நொறுங்கியபோது புறோபி வெளியே தூக்கி எறியப்பட்டு உயிர் பிழைத்தார். அவர் சொல்லித்தான் உலகத்துக்கு இது தெரியும். 1946இல், போர்முனை வீரத்துக்கான மிக உயர்ந்த விருதாகிய விக்டோரியா சிலுவை மைனார்ஸ்கியின் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. அமியான் அருகே மெஹாரிகூர் ஊர்ச் சேமக்காலையில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

குழுவின் பதில் இதுதான்: அவர் கொண்டுபோன குண்டுக்காக நாம் கல் வைக்கவில்லை. கதவடி வரை வந்தும் நண்பனுக்காகத் தீக்குள் திரும்பிப் போனாரே, அதற்காக வைத்திருக்கிறோம். அதே வேளை, கீழே இருந்தவர்களை மறைத்துவிட்டு எழுதவும் எமக்கு மனம் வரவில்லை. 2012இல் லண்டன் கிறீன் பார்க்கில் திறந்த நினைவுச்சின்னம், உயிரிழந்த 55,573 குண்டுவீச்சுப் படையினரோடு, குண்டுவீச்சில் மாண்ட எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்கிறது. எமது கல்லின் கடைசி வரியும் அவ்வாறே அமைந்தது. அந்த வரியை எழுதித் தந்தவர், கேள்வி கேட்ட அதே மூத்த அங்கத்தவர். குழு அவருக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

வால் கூண்டு மாதிரியைச் செய்தவர்கள் எமது அங்கத்தவர்களான தச்சர்கள். உள்ளே ஏறி உட்கார்ந்து பாருங்கள். நான்கு துப்பாக்கிகளுக்குப் பின்னால் முழங்கால் மடக்கினால் நீட்ட இடமில்லை. படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் விளங்காதது அங்கே ஒரு நிமிடத்தில் விளங்கும். பிள்ளைகள் ஏறும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விமானம் கட்டப்பட்டது மால்ரனில், எம்மில் பெரும்பாலானோர் அகதிகளாய் வந்திறங்கிய ரொறொன்ரோ பியர்சன் விமான நிலையப் பகுதியில். அதே இடத்தில் கட்டிய மற்றொரு லங்காஸ்ரர், மைனார்ஸ்கியின் விமானக் குறியெழுத்துகளுடன் ஹமில்ரன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1988இல் திருத்தி மீண்டும் பறக்கவிடப்பட்டது அது. இன்று உலகில் பறக்கக்கூடிய நிலையில் உள்ள லங்காஸ்ரர்கள் இரண்டே. கோடை விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்ல விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

வாசிகசாலை திறந்திருக்கும் நேரமெல்லாம் அறையும் திறந்திருக்கும். போரில் இறந்தோரை நினைவுகூரும் நாளான நவம்பர் 11 காலை கல்லுக்கு மலர் வைப்போம். எஞ்சிய பணம் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அதற்கு அங்கீகாரம் கோருகிறோம்.

இவ்வண்ணம்,
நினைவு அறைப் பணிக்குழு