ஏற்காடு மலைக் கர்ப்பிணிகளின் ஸ்கேன் தேதி குறித்து

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலையை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. என் அக்கா மகள் முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தவள். பிறந்த பிறகு முதுகை மூடினார்கள். தலையில் நீர் சேர்ந்ததால் ஷன்ட் வைத்தார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓடும் அந்தக் குழாய் கழுத்து வழியாக வயிற்றுக்குள் இறங்குகிறது. தலைக்கு ஊற்றும்போதெல்லாம் அக்கா விரலால் அதைத்தான் முதலில் தடவிப் பார்ப்பாள். பிள்ளைக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ட்யூப் விட்டு எடுக்க வேண்டும், பள்ளிக்கூடத்திலும்தான்.

அக்காவுக்கு முழு ஸ்கேன் எடுத்ததே ஏழாம் மாதத்தில். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போக வேண்டுமே என்று தள்ளிக்கொண்டே போனது. தேதி தவறக்கூடாது என்று யாரும் அழுத்திச் சொல்லவும் இல்லை.

இந்தக் குறைக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஆபரேஷன் உண்டு. கர்ப்பப்பையைத் திறந்து, குழந்தையின் முதுகை மூடி, மறுபடி தைத்துவிடுகிறார்கள். குழந்தை உள்ளேயே வளர்கிறது. திறந்து கிடக்கும் நரம்பு பனிக்குட நீரில் மாதக்கணக்கில் கெடுவதும், தண்டுவட நீர் ஒழுகிப் பின்மூளை கீழே இழுபடுவதும் அதனால் குறைகின்றன. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிறந்த பின் ஆபரேஷன் செய்த குழந்தைகளில் 82 சதவீதம் பேருக்கு ஒரு வயதுக்குள் ஷன்ட் வைக்க வேண்டி வந்தது. வயிற்றிலேயே செய்தவர்களில் அது 40 சதவீதம். இரண்டரை வயதில் எதையும் பிடிக்காமல் நடந்தவர்களோ 21-லிருந்து 42 சதவீதமாக, அப்படியே இரண்டு மடங்கு.

எல்லாருக்கும் பொருந்தும் வைத்தியம் இல்லை இது. குறைப்பிரசவ ஆபத்து இருக்கிறது, கர்ப்பப்பையில் விழும் தழும்பால் அடுத்தடுத்த பிரசவமும் சிசேரியன்தான். யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் தாய்க்கு உரிமை உண்டு. ஆனால் அந்த ஆய்வில் ஆபரேஷன் நடந்தது 26 வாரம் முடிவதற்குள். ஏழாம் மாதத்தில் தெரியவந்தால் யோசிக்கத்தான் என்ன மிச்சம்?

சேலத்தில் இதற்குத் தியேட்டர் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. கரு மருத்துவம் படித்த டாக்டர்கள் சென்னையில் இருக்கிறார்கள், நேரத்தோடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் கொடுக்கும் அன்றே 18 முதல் 20 வாரத்துக்குள் வரும் ஸ்கேன் தேதியைக் கிராம சுகாதார செவிலியர் குறித்துக் கொடுக்கட்டும். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கத்துப் பெண்களை ஒரே நாளில் வண்டியில் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். அன்றைய கூலியையும் ஈடுகட்டுங்கள். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், டாக்டர் ஒருவர் அன்றைக்கே உட்கார்ந்து விளக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த வாரமே மேல் மருத்துவமனையில் காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும்.

அப்புறம், ஃபோலிக் ஆசிட். கரு உருவான 28 நாளுக்குள் முதுகுத்தண்டு மூடிவிடும், பல நேரம் கர்ப்பம் என்று அம்மாவுக்குத் தெரிவதற்குள்ளேயே. அதனால் அந்த மாத்திரையைப் புதுசாகக் கல்யாணமான பெண்களுக்கு எஸ்டேட் லைன் வீடுகளிலேயே கொண்டுபோய்க் கொடுக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு சித்தி